வடிகால் ஓரம் வெட்டிவேர்

பண்ணைத் தண்ணீர் கெடாமலிருக்க விவசாயி தானே விரும்பித் திட்டம் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி. அமெரிக்காவில் மண் அரிப்பைத் தடுக்க விவசாயிக்கு உதவவென்று 1935-ல் மண்வளப் பாதுகாப்புத் துறை தொடங்கினார்கள். இங்கே வயலில் வந்து நின்று பேச ஆள் வேண்டுமே!

நான் கடலூர் மாவட்டம், குறிஞ்சிப்பாடி பக்கம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). மழை இருட்டிக்கொண்டு வரும்போது மூட்டையை ஒரேயடியாகக் கொட்டினால் வாய்க்காலுக்குத்தான் உரம் போடுகிறோம். மிச்சம் நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது. தாத்தா காலத்து எருக்குழி எங்கள் கிணற்றிலிருந்து பத்தடியில் இருந்தது, அதிலிருந்தும் நைட்ரேட் இறங்கும் என்று யாரும் நினைக்கவில்லை. போன வருஷம்தான் களத்துக்கு அந்தப் பக்கம் மாற்றினேன். யூரியாவையும் மூன்று தடவையாகப் பிரித்துப் போடுகிறேன்.

அப்புறம், வடிகால் ஓரம் வெட்டிவேர் வைக்கலாம், வண்டலைப் பிடித்து நிறுத்தும். நொச்சிக்காடு, தியாகவல்லி மணலில் விளைவதுதான். அங்கே வேருக்காகப் பிடுங்கி விற்க, இங்கே மண்ணைப் பிடிக்கப் பிடுங்காமல் விட.

ஆனால் வருஷக் குத்தகைக்கு உழுகிறவர் அடுத்தவன் நிலத்தில் இதையெல்லாம் எதற்குச் செய்வார்? கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.