இறங்கும் வழியை முதலில் படியுங்கள்

போன வாரம் பாறையேற்றப் பயிற்சிச் சுவரில் கூடவே ஏறும் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, டிசம்பர்ல ஹம்பி போறோம். எந்த கைடு புக் வாங்கட்டும்? ஒண்ணுல போட்டோ எல்லாம் பிரமாதம். இன்னொண்ணு நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கு.” நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அவனுக்காகவும், முதன்முறையாகப் பாறை தேடி வெளியூர் கிளம்புகிறவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: ஏறிய பாறையிலிருந்து எப்படி இறங்குவது என்று எழுதியிருக்கிறதா? ஹம்பியில் பட்ட பிறகு வந்த பழக்கம் இது. முதல் பயணத்தில் எங்களிடம் இருந்தது யாரோ ஸ்கேன் செய்து அனுப்பிய பழைய பிடிஎஃப். துங்கபத்திரையின் வடகரையில், ஆனேகுந்திப் பக்கம் ஓர் உருண்டைப் பாறை. ரூட், அதாவது ஏறும் பாதை, சுலபம். மளமளவென்று மேலே போய் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் சுற்றிலும் செங்குத்து. ஏறும்போது கண்ணுக்கு நேரே இருந்த பிடிகள் இறங்கும்போது வயிற்றுக்குக் கீழே எங்கேயோ மறைந்துவிடுகின்றன. வெயில் ஏற ஏறக் கல் சுட ஆரம்பித்தது. கீழே நின்ற நண்பன் “இடது காலை இன்னும் ஒரு சாண் கீழே வை” என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அரை மணி நேரம் கழித்துத்தான் தரையைத் தொட்டேன். சாயங்காலம் அந்த ஊர்ப் பையன் ஒருவன் காட்டினான்: பாறையின் ஒரு மூலையில் பக்கத்துப் பாறைக்கு ஓர் எட்டு வைத்தால் போதும், அங்கிருந்து படிக்கட்டு மாதிரி இறக்கம். அந்த ஒரு வரி புத்தகத்தில் இல்லை. பாறையின் அழகான படம் மட்டும் அரைப் பக்கத்துக்கு இருந்தது.

அதே பிடிஎஃப், தங்குவதற்கு விருபாபூர் கட்டி என்ற இடத்தில் வரிசையாக விடுதிகளைப் பட்டியல் போட்டிருந்தது. அங்கிருந்த விடுதிகளை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மார்ச்சில் இடித்துவிட்டார்கள். நாங்கள் போனது அதற்கும் பிறகு. மூட்டை முடிச்சோடும், முதுகில் கிராஷ் பேடோடும் (விழுந்தால் அடிபடாமல் கீழே விரிக்கும் மெத்தை) சானாபூர் பக்கம் வந்து அறை தேடினோம். அதனால் அச்சான வருடத்தைப் பார்க்காமல் இப்போது நான் எதையும் வாங்குவதில்லை.

ஹம்பி விஷயத்தில் இன்னொன்றும் முக்கியம். 1986லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக இருக்கும் இடம் அது. கோயிலும் மண்டபமும் பாறையை ஒட்டியே நிற்கின்றன. எதிரே ஆனேகுந்தியைக் கிட்கிந்தை என்று நம்பி அஞ்சனாத்ரிக்குப் படியேறும் ஜனங்கள் வருகிறார்கள். அவர்கள் கும்பிடும் கல்லில் நாம் சாக் (பிடி வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைப் பொடி) பூசிய கையை வைப்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம். எங்கே ஏறக்கூடாது என்று தெளிவாகச் சொல்லாத புத்தகத்தை எவ்வளவு நட்சத்திரம் போட்டிருந்தாலும் வாங்க மாட்டேன்.

கயிறு கட்டி ஏறும் இடம் என்றால் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். தாய்லாந்தின் ரெய்லே பலருடைய கனவு. சாலையே கிடையாது, ஆவ் நாங்கிலிருந்து நீள்வால் படகில் போக வேண்டும். கடலோரச் சுண்ணாம்புப் பாறை. அந்த உப்புக் காற்றிலும் ஈரத்திலும் துருப்பிடிக்காத எஃகு என்று நாம் நம்பும், கயிறு மாட்டப் பாறையில் பதித்த போல்ட் கூட உள்ளுக்குள் விரிசல் விட்டு, கையால் இழுத்தாலே உடைகிற நிலைக்கு வந்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், அதுதான் பயங்கரம். அதனால்தான் அங்கே டைட்டானியம் போல்ட்களைப் பசை வைத்துப் பதித்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எந்த ரூட்டில் மாற்றியாயிற்று, எதில் இல்லை என்று சொல்லும் புத்தகம்தான் அங்கே புத்தகம். பத்து வருடத்துக்கு முந்தைய பதிப்பை நம்பி ரூட் தேர்ந்தெடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அதோடு ஒவ்வொரு ரூட்டுக்கும் உயரம் மீட்டரில் இருக்க வேண்டும். கயிறு மேலே போய்த் திரும்பி வருவதால், 35 மீட்டர் ரூட் முடித்து உங்களைக் கீழே இறக்க 70 மீட்டர் கயிறு வேண்டும். 60 மீட்டர் கயிறோடு போனால், தரை வருவதற்கு முன்பே கயிற்றின் நுனி கீழே நின்று பிலே, அதாவது கயிறு, பிடிப்பவர் கையைத் தாண்டி ஓடிவிடும். கயிற்று நுனியில் முடிச்சு எப்போதும் போடுங்கள், அது வேறு விஷயம்.

கிரேடு, அதாவது ரூட்டின் கடின அளவு, பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சு முறையில் கயிறு ரூட்டுக்கு 6ஏ என்பது ஓரளவு பழகியவர் ஏறக்கூடியது. கயிறில்லாமல் குட்டைப் பாறைகளில் ஏறும் பௌல்டரிங்கில், ஃபான்டென்ப்ளோ முறையில் அதே 6ஏ வந்தால் அமெரிக்க அளவுகோலில் வி3க்குச் சமம், அதைவிட ரொம்பவே கடினம். எந்த அளவுகோல் என்று முதல் பக்கங்களிலேயே சொல்கிறதா பாருங்கள்.

செயலிகள் போதாதா என்று கேட்பீர்கள். 27 கிராக்ஸ், மவுன்டன் புராஜெக்ட் மாதிரியானவற்றை நானும் பார்க்கிறேன், போன மாதம் ஏறியவர் எழுதிய குறிப்புக்காக. ஆனால் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில், சார்ஜ் 4 சதவீதத்தில் நிற்கும்போது காகிதம்தான் கை கொடுக்கும்.

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கு. அது அந்தப் பாறைகளிலேயே வருடக்கணக்காகக் கிடந்தவர்கள் எழுதியது. இறங்கும் வழிக்கு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், பார்த்தேன். காசு கொடுத்தே வாங்கு. பல ஊர்களில் புதுப் போல்ட்டுக்கான பணமே இப்படிப் புத்தகம் விற்றுத்தான் வருகிறது. நாங்கள் ஓசியில் பிடிஎஃப் வாங்கியது தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஜனவரியில் நாங்கள் பாதாமி போகிறோம், நரசிம்மவர்மப் பல்லவன் கொண்ட அதே வாதாபி. அங்கே சிவந்த மணற்கல். மழை பெய்து ஈரம் காயாத மணற்கல்லில் பிடி உடையும், பாறையும் பாழாகும். மழை நின்று எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று என்னிடம் இருக்கும் புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை. இந்த வருடம் அங்கே ஏறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பென்சிலால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.