நோலன் ரயனைக் குறை சொல்வதென்றால் சரியான குறையைச் சொல்லுங்கள்

பிட்சர் (பந்து வீசுபவர்) நோலன் ரயன் பெயரை எடுத்தாலே பேஸ்பால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு 5,714 ஸ்டிரைக் அவுட்டும் (மூன்று ஸ்டிரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது), எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத 7 ஆட்டங்களும் போதும். அவரை மிஞ்ச ஆளில்லை. மறு கட்சி, பிட்சர் பெயரில் எழுதப்படும் 324 வெற்றி, 292 தோல்வி என்ற கணக்கை நீட்டி, "பாதிக்குப் பாதி தோற்றவர்தானே" என்று ஒதுக்கிவிடுகிறது.

இந்த இரண்டாவது வாதம்தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. 1987இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியில் ஆடியபோது, அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே மிகக் குறைவாக ரன் கொடுத்த பிட்சர் அவர், ஓர் ஆட்டத்தின் 9 இன்னிங்ஸுக்குச் சராசரி 2.76. ஸ்டிரைக் அவுட்டிலும் 270 எடுத்து முதலிடம். அவர் கணக்கில் ஏறியதோ 8 வெற்றி, 16 தோல்வி! சொந்த அணி ரன் எடுக்காததற்குப் பந்து வீசியவர் தலையையா உருட்டுவது? ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அந்த ஆண்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவே இல்லை.

1974 ஜூன் 14 ஆட்டத்தைப் பாருங்கள். கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்காக, பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக 13 இன்னிங்ஸ், 235 பந்துகள். இன்று 100ஐத் தொட்டாலே மேனேஜர் எழுந்து வந்துவிடுவார். 19 ஸ்டிரைக் அவுட். செசில் கூப்பர் அந்த ஆட்டத்தில் 6 முறை அவுட்டாகித் திரும்பினார். 15ஆவது இன்னிங்ஸில் ஏஞ்சல்ஸ் வென்றது. அதற்குள் ரயன் களத்தைவிட்டுப் போயிருந்ததால் அந்த வெற்றி அவர் பெயரில் இல்லை.

ஆனால் அதே ஆட்டத்தில் 10 பேருக்கு வாக் கொடுத்தார். என் வழக்கு இதுதான். வாக் என்றால், நான்கு பந்து ஸ்டிரைக் எல்லைக்கு வெளியே போனால், மட்டையாளருக்கு மட்டையை அசைக்காமலே முதல் பேஸ் கிடைத்துவிடும். அதைக் கல்யாண வீட்டு வெற்றிலை பாக்குபோல 2,795 பேருக்கு வழங்கியவர் ரயன். வேறெந்தப் பிட்சரும் 2,000ஐக்கூட எட்டியதில்லை. 1969இல் மெட்ஸ் அணியில் அவருடன் ஆடிய டாம் சீவர், 4,783 இன்னிங்ஸில் கொடுத்தது 1,390. ரயன் வீசியது 5,386 இன்னிங்ஸ். கூடுதலாக வீசியது அறுநூறு சொச்சம்தான், வாக்கோ இரண்டு மடங்கு!

வேடிக்கை என்னவென்றால், 1989இல், 42 வயதில், டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்காக 301 ஸ்டிரைக் அவுட் எடுத்தவர் 98 வாக்தான் கொடுத்தார். அந்தக் கட்டுப்பாடு 27 வயதில் வந்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமிருந்திருக்காது. வரவில்லையே. அதனால் என் வரிசையில் அவர் சீவருக்குப் பின்னால்தான்; அதே காலத்துப் பிட்சர் ஜிம் பாமருக்கும் பின்னால். டெக்சஸ்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.