அந்த எட்டு ஸ்பேஸ் யாருக்குச் சொந்தம்?

ஃபங்ஷன், அதற்குள் ஒரு லூப், அதற்குள் ஒரு இஃப் என்று நிரல் உள்ளே தள்ளிப் போயிருக்கும். அங்கே மூன்று மேற்கோள் போட்டு நாலு வரி ஸ்ட்ரிங் (நிரலுக்குள் வைக்கும் எழுத்துத் துண்டு) எழுதினால், வரிக்கு முன்னால் இருக்கும் ஸ்பேஸ் அத்தனையும் ஸ்ட்ரிங்கோடு ஒட்டிக்கொண்டு வெளியே போகும். வேண்டாம் என்றால் அந்த நாலு வரியை மட்டும் இடது ஓரத்தில் ஒட்டி எழுத வேண்டும். பார்க்கச் சகிக்காது.

பைத்தானில் இதற்கு டெக்ஸ்ட்ராப் தொகுதியில் டீடென்ட் இருக்கிறது. எல்லா வரிகளுக்கும் பொதுவான முன் இடைவெளி எவ்வளவோ, அதை வெட்டிவிடும். பல வருஷம் அதை நம்பித்தான் ஓட்டினேன்.

ஒரு நாள் மார்க்டவுனில் (சின்னக் குறிகளால் தலைப்பு, பட்டியல் எல்லாம் காட்டும் எழுத்து முறை) போக வேண்டிய ரிப்போர்ட் ஒன்று, தலைப்பெல்லாம் # குறியோடு, முழுவதும் கோட் பிளாக்காக, அதாவது நிரலை அப்படியே காட்டும் பெட்டியாக, போய் நின்றது. டெஸ்ட் எல்லாம் பச்சை. அரை நாள் தேடிய பிறகுதான் பிடிபட்டது: எஃப்-ஸ்ட்ரிங்கின் (எழுதும் இடத்திலேயே மதிப்புகளை நிரப்பிக்கொள்ளும் ஸ்ட்ரிங்) நடுவே 'குறிப்பு' என்று ஒரு மதிப்பு நுழைகிறது. டெஸ்டில் அது எப்போதும் ஒரே வரி. அன்றைக்கு யாரோ குறிப்பை இரண்டு வரியில் எழுதியிருந்தார்கள். இரண்டாவது வரிக்கு முன்னால் ஸ்பேஸே கிடையாது. அப்போது பொதுவான இடைவெளி பூஜ்யம், டீடென்ட் எதையும் வெட்டவில்லை. வரிக்கு முன்னால் 4 ஸ்பேஸ் இருந்தாலே மார்க்டவுனுக்கு அது கோட் பிளாக், என்னுடையதில் 8.

டீடென்ட் மேல் தப்பு இல்லை. அதன் கைக்குப் போகும்போதே மதிப்புகள் உள்ளே கலந்துவிட்டன. எது என் நிரலின் ஸ்பேஸ், எது வெளியிலிருந்து வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர், நாம் எழுதிய நிரலை நேரே படித்து மாற்றித் தரும் கம்பைலர் ஒருவர்தான். அதனால் இந்த வேலை மொழிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ரூபி மொழி 2015 இறுதியில் வந்த 2.3 பதிப்பிலேயே பல வரி ஸ்ட்ரிங்குக்கு <<~ கொடுத்துவிட்டது. மூலத்தில் எழுதிய வரிகளை மட்டும்தான் அளக்கும், உள்ளே வரும் மதிப்பைத் தொடாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஸ்விஃப்ட் வழி. 2017-இல் வந்த ஸ்விஃப்ட் 4-இல், மூடும் மேற்கோள் எங்கே நிற்கிறதோ அதுதான் ஓரம். ஏதாவது வரி அதற்கு இடப்பக்கம் வந்தால் கம்பைலரே பிழை காட்டி நிறுத்திவிடும். ஊகமே இல்லை. சி ஷார்ப்பும் 2022-இல் 11-ஆம் பதிப்பில் இதே விதியை எடுத்துக்கொண்டது. ஜாவா 15 கொஞ்சம் நெகிழ்வு: மூடும் குறியை இடது பக்கம் நகர்த்தினால் ஸ்பேஸ் மிஞ்சும், வலது பக்கம் நகர்த்தினால் ஒன்றும் ஆகாது. சரி, அதுவும் பரவாயில்லை.

கட்டளை வரியில் ஓடும் பேஷ் கதை தனி. அங்கே பல வரி எழுத்து, நாமே சொல்லி வைத்த ஒரு முடிவு வார்த்தை வரும்வரை போகும். அதன் <<- டேபை மட்டும்தான் வெட்டும். எடிட்டர் டேபை ஸ்பேஸாக மாற்றி வைத்திருந்தால் முடிவு வார்த்தையே அதன் கண்ணில் படாது, ஃபைலின் கடைசி வரை விழுங்கிக்கொண்டே போகும்.

பைத்தான் 3.13-இலிருந்து டாக்ஸ்ட்ரிங்குக்கு (ஃபங்ஷனின் தலையில் எழுதும் விளக்கம்) மட்டும் கம்பைலரே இடைவெளியை வெட்டுகிறது. மற்ற ஸ்ட்ரிங்கெல்லாம் என்ன பாவம் செய்தன?

இப்போதைக்கு நான் வெறும் டெம்ப்ளேட்டை முதலில் டீடென்ட் செய்துவிட்டு, அப்புறம்தான் ஃபார்மேட்டால் மதிப்புகளைப் போடுகிறேன். அன்றைக்கே நிரல் முழுவதும் தேடிப் பார்த்ததில், டீடென்டுக்குள் எஃப்-ஸ்ட்ரிங் இன்னும் 17 இடத்தில் இருந்தது. அதில் 11 நானே எழுதியவை.