'லிமிடெட் எடிஷன்' பற்றி ஒரு திருத்தம்

"லிமிடெட் எடிஷன் பிரிண்ட் ஒன்றை வாங்கிவிட்டால் அந்தப் படத்தை இனி யாருமே அச்சிட முடியாது, சட்டமே காவல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. லிமிடெட் எடிஷன் என்றால் ஒரு புகைப்படத்தை 'இத்தனை பிரதிகள் மட்டும்' என்று எண்ணிக்கை வைத்து அச்சிடுவது, அவ்வளவுதான்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த மூன்று சக்கர சைக்கிள் படம் தெரியும்தானே? அதன் பழைய பிரிண்டுகள் டை டிரான்ஸ்ஃபர் (சாயத்தைத் தாளுக்கு மாற்றும் பழைய வண்ண அச்சு) முறையில் போட்டவை, சிறியவை. 2012 மார்ச்சில் அவரே தன் படங்களிலிருந்து 36 பெரிய டிஜிட்டல் பிக்மென்ட் (நிறமி மை) பிரிண்டுகளைப் போட்டு நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு விட்டார். மொத்தம் சுமார் 59 லட்சம் டாலர். சைக்கிள் மட்டும் 5,78,500. பழைய பிரிண்டுகளைச் சேர்த்து வைத்திருந்த ஜொனாதன் சோபெலுக்கு வயிறு எரியாதா? வழக்குப் போட்டார். 2013இல் தள்ளுபடியானது. அளவும் அச்சு முறையும் வேறு, ஆகவே இது புது எடிஷன் என்பதே நீதிமன்றத்தின் பார்வை.

பிரிண்டின் ஓரத்தில் பென்சிலில் '3/15' என்றிருந்தால், அந்த அளவில், அந்த முறையில் மொத்தம் 15 பிரதிகள், இது மூன்றாவது என்றுதான் பொருள். ஆர்ட்டிஸ்ட் புரூஃப் (கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதி) பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராது. வேறு அளவில் எடிஷன் உண்டா, இனி வருமா என்று கேலரியிடம் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.