கண் ரோட்டில் இருந்தால் கவனமும் அங்கேதானா?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: "கண் ரோட்டில் இருந்தால் போதும், ஹெட்செட்டில் பேசிக்கொண்டே வண்டியில் மலை ஏறலாம்." இது தவறு, ஆபத்தானதும்கூட.

கண் நிற்கும் இடமும் கவனம் நிற்கும் இடமும் வேறாகலாம். 1985-இல் மோரான், டெசிமோன் என்ற இரு மூளை ஆய்வாளர்கள் குரங்குகளின் பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்திச் சோதித்தார்கள். மூளையில் பார்வையைக் கையாளும் வி4 என்ற பகுதியில் ஒரு நரம்பணு சிவப்புப் பட்டைக்குப் படபடவென்று துடிக்கும், பச்சைக்கு அடங்கிக் கிடக்கும் என்று வையுங்கள். அது பார்க்கும் சிறு பரப்புக்குள் இரண்டு பட்டையும் இருக்கும்போது, குரங்கு பச்சையைக் கவனித்தால் துடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சிவப்பு அங்கேயேதான் இருக்கிறது, கண்ணும் அசையவில்லை!

மனிதர்களை வைத்து நடந்த ஓட்டுநர் சோதனைகளிலும், கையில் போன் இல்லாமல் பேசியவர்கள்கூட பிரேக்கைத் தாமதமாகவே மிதித்தார்கள். வளைவில் எதிரே வரும் லாரி கண்ணில் பட்டும் மனதில் உறைக்காமல் போவது இப்படித்தான். பேச வேண்டுமா, வண்டியை ஓரங்கட்டுங்கள்.