ஜூஹு நீல அலை சுத்தமான கடலின் அடையாளம் இல்லை

"ஜூஹுவில் அலை நீலமாக மின்னுதுன்னா மும்பைக் கடல் சுத்தமாயிடுச்சு" என்று உங்கள் பதிவில் எழுதியிருப்பது தவறு, மாட்டுங்கா, செம்பூர் பகுதிக் குழுக்களுக்கெல்லாம் இதை அனுப்பாதீர்கள். மின்னுவது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அதுவே நஞ்சு சுரப்பதில்லை, சரி, ஆனால் உடலில் அம்மோனியாவைச் சேர்த்து வைக்கும், கூட்டமாகப் பெருகி அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து மீன் திணறும். ராத்திரி காலடியில் நீலப்பொறி பறந்த அதே தண்ணீர் பகலில் செம்மண் கரைத்த மாதிரி கிடப்பதும் உண்டு. நாக்டிலூகா தின்னும் நுண்பாசியைக் கொழுக்க வைப்பதில் கழிவுநீருக்கும் பங்குண்டு. மும்பையின் வொர்லி, பாந்த்ரா கழிவுநீர்க் குழாய்கள் பல வருஷமாக அரைகுறையாகச் சுத்திகரித்த கழிவைத்தான் கடலில் விட்டன. 7 புதிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அடிக்கல் விழுந்ததே 2023 ஜனவரியில்தான். இத்தனை தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களை உங்கள் பதிவு தப்பவிடுகிறது, வெர்சோவா மீனவர்கள் வலையில்தான் அந்த நஷ்டம் விழுகிறது.