பாத் மேக்ஸ் என்கிற புளுகு

ஒரு ஃபைலின் பாதை அதிகபட்சம் இத்தனை பைட் என்று சொல்லும் பாத் மேக்ஸ் (PATH_MAX) 4096 என்று சி மொழியின் ஹெட்டர் ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் ஆயிற்றா? அதை நம்பி அந்த அளவுக்கு மட்டும் பஃபர் (நினைவக இடம்) எடுக்கிறவன் கதி என்ன?

பாத் மேக்ஸ் என்பது ஒரு சிஸ்டம் காலுக்கு (கெர்னலிடம் புரோகிராம் வைக்கும் கோரிக்கைக்கு) நாம் கொடுக்கும் பாதையின் நீளத்துக்கு மட்டும்தான் வரம்பு. டிஸ்க்கில் டைரக்டரி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு டைரக்டரி உண்டாக்கு, உள்ளே போ, மறுபடி உண்டாக்கு என்று லூப் போட்டால் லினக்ஸின் 4096-ஐயும் தாண்டலாம், பிஎஸ்டியின் 1024-ஐயும் தாண்டலாம். ஒருத்தரும் தடுக்க மாட்டார்கள். அப்புறம் அங்கிருக்கும் ஃபைலை முழுப் பாதை கொடுத்துத் திறந்து பாருங்கள். "ஃபைல் நேம் டூ லாங்" என்று வரும். அடப்பாவி, ஃபைலின் பெயர் "அ" என்கிற மாதிரி ஒற்றை எழுத்துதானே! நீளம் பெயரிலா இருக்கிறது?

நாம் இப்போது எந்த டைரக்டரியில் நிற்கிறோம் என்று சொல்லும் கெட்சிடபிள்யூடி (getcwd) அதைவிடக் கொடுமை. பழைய யூனிக்ஸ்களில் அது ஒவ்வொரு படியாக மேலே ஏறி, தாய் டைரக்டரியில் இருப்பதையெல்லாம் படித்து, ஐநோட் எண்ணை (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் உள்ள அடையாள எண்ணை) ஒப்பிட்டுத்தான் பெயரைக் கண்டுபிடிக்கும். நடுவில் ஒரே ஒரு டைரக்டரிக்கு ரீட் பெர்மிஷன் இல்லையா, அத்தோடு சரி. நாம் நிற்கும் இடம் நமக்கே தெரியாது.

ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஃபங்ஷன் தன்னைத் தானே கூப்பிடும்படி ரிகர்ஷன் எழுதினால் மட்டும் நிம்மதியா? ஒவ்வொரு மட்டத்திலும் டைரக்டரியைத் திறக்கும் ஓப்பன்டிர் (opendir) ஒரு டிஸ்கிரிப்டரை (திறந்திருப்பதற்கான எண்ணை) பிடித்து வைத்துக்கொள்ளும். சோலாரிஸ் என்கிற யூனிக்ஸில் ஒரு பிராசஸுக்கு வழக்கமான வரம்பு 256. அதைத் தொடும் ஆழத்தில் ஈஎம்ஃபைல் (EMFILE), அதாவது "இனி திறக்க முடியாது" என்கிற எரர். போதாக்குறைக்கு எவரோ ஒரு புண்ணியவான் ஃபங்ஷனுக்குள் 4096 பைட் பஃபரை லோக்கலாக வைத்திருப்பார். 2000 மட்டம் இறங்கினால் 8 எம்பி ஸ்டாக் காலி. புரோகிராம் செத்து விழும்போது விட்டுப்போகும் கோர் ஃபைலைத் திறந்தால் அதே ஃபங்ஷன் பெயர் பக்கம் பக்கமாக ஓடும்.

முழுப் பாதை இல்லாமல், திறந்து வைத்த டைரக்டரியிலிருந்தே திறக்கவும் அழிக்கவும் உதவும் ஓப்பன்அட் (openat), அன்லிங்க்அட் (unlinkat) எல்லாம் யூனிக்ஸ்களுக்கான போசிக்ஸ் தரத்துக்குள் வந்ததே 2008-இல்தான். அவை இல்லாத சிஸ்டத்தில் உள்ளே இறங்கி இறங்கித்தான் வேலை செய்ய வேண்டும். நடப்பு டைரக்டரியோ பிராசஸ் முழுக்க ஒன்றே ஒன்று. ஒரு த்ரெட் இறங்கினால் மற்றதெல்லாம் கூடவே இறங்கும். வழியில் சிம்லிங்க் (வேறு இடத்தைச் சுட்டும் இணைப்பு) இருந்தால், புள்ளி புள்ளி (..) போட்டு மேலே ஏறுகிறவன் வேறு எங்கோ போய் நிற்பான்.

(விண்டோஸின் 260 எழுத்து வரம்பு பற்றி இங்கே பேசப்போவதில்லை. ரத்த அழுத்தம் ஏறும்.)

இத்தனையும் முடித்துவிட்டு, டெஸ்டுக்காக உண்டாக்கிய டைரக்டரி மரத்தை அழிக்கப் போனால், அந்தப் பழைய சிஸ்டத்தின் ஆர்எம்மும் (ஃபைலை அழிக்கும் rm கட்டளையும்) முழுப் பாதையை ஒட்டி ஒட்டித்தான் கூப்பிடுகிறது. அதற்கும் "ஃபைல் நேம் டூ லாங்". இதை அழிப்பதற்கென்று நான் தனியாக ஒரு சி புரோகிராம் எழுத வேண்டுமாம்!